எட்டுக் கிளிக் திருகினவன்

என் துப்பாக்கியில குறி பாக்கற ஸ்கோப்பைத் திருகினவன் எவனோ ஒருத்தன் இந்த ஜில்லாவுல நிம்மதியா மூணு வேளை சாப்பிட்டுக்கிட்டு இருக்கானுங்க. எட்டுக் கிளிக். அளந்து, எட்டே எட்டுக் கிளிக் திருகி, என் மானத்தை வாங்கிட்டு வாயைத் தொடைச்சுக்கிட்டுப் போயிட்டான். அவன் நல்லா இருக்கட்டும், நான் சாபமெல்லாம் விட மாட்டேன். ஆனா ஒத்துக்கணும்.

நீங்க காலை அப்படி ஒடுக்கிக்க வேண்டாமுங்க. உறைக்குள்ள இருக்கறது பயப்படற சாமான் இல்லை. காத்துத் துப்பாக்கி. லைசென்ஸ் வேண்டாத ரகம். உள்ளே ரவையும் கிடையாது, அது தனியா பையில இருக்கு. பில்லு, ஆதார் எல்லாம் இதோ சட்டைப் பையில. கண்டக்டர்கிட்டக் காட்டிட்டுத்தான் ஏறினேன். இதுக்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் போடணும்னார். சொன்ன காசைக் குடுத்துட்டு வந்து உக்காந்துட்டேன்.

சிரிக்காதீங்க. பள்ளிபாளையம் அர்த்தநாரி சொன்ன காசைக் குடுத்தான்னு எங்க ஊர்ல போய்ச் சொன்னா, உங்களுக்கு வெயில் ஏறிப்போச்சும்பாங்க.

நமக்குப் பழைய தறிச் சாமான் வியாபாரமுங்க. பன்னெண்டு வயசுல தறிக் குடோனைக் கூட்டப் போனவன். இன்னைக்கு ரெண்டு குடோன் சொந்தம். படிப்பு அஞ்சாங்கிளாஸ். அதுக்கு மேல படிச்சதெல்லாம் அடிபட்டுப் படிச்சது. இருபத்திரண்டு வயசுல ஒருத்தன் சொன்ன விலைக்கு ஒரு தறி வாங்கினேன். ஆளு நெத்தியில திருநீறு பூசியிருந்தான், நம்பிட்டேன். வீட்டுக்குக் கொண்டாந்து இறக்கிப் பாத்தா, உள்ளே பாதிச் சாமான் இல்லை. அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனிமே சாமியே வந்து வித்தாலும் சொன்ன விலைக்கு வாங்கறதில்லைன்னு.

ஒரு தறி வாங்கப் போனா நான் முதல்ல தறியைப் பாக்க மாட்டேன். விக்கிறவன் செருப்பைப் பாப்பேன். தேஞ்ச செருப்புன்னா அவனுக்கு அவசரம். விலை சொன்னதும் சிரிக்கணும். பொறவு எந்திரிக்கணும். மொத்தம் மூணு தடவை எந்திரிக்கணும். மூணாவது தடவை ஒரு கால் வாசலுக்கு வெளியே போனதும், பின்னாடியிருந்து "அண்ணா, ஒரு நிமிஷம்"னு ஒரு குரல் வரும் பாருங்க. அந்தக் குரல் வராத கடை எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

அப்படிப்பட்ட நான், போன புரட்டாசியிலிருந்து அடுத்த புரட்டாசி வரைக்கும் எந்தக் கடையிலும் வாயைத் திறக்கக்கூடாது. சொன்ன விலை, குடுத்த காசு, வாங்கின சாமான். ஒரு வருஷம். தை மாசம் எம்பொண்ணு கவுசல்யாவுக்குக் கல்யாணமுங்க! மண்டபம், பந்தல், சமையல், பட்டு, நகை, மேளம், வாழைமரம்... எல்லாம் சொன்ன விலைக்கு! நெனச்சுப் பாருங்க. ஒரு மனுசன் வாழ்நாள் பூரா எந்த ஒரு நாளுக்காகப் பேசிப் பழகினானோ, அந்த நாள்ல அவன் வாயைத் தெச்சு வெச்சிருக்கு.

எல்லாம் எம்மச்சினன் குழந்தைவேலால வந்துச்சு. எம்பொஞ்சாதி அமராவதிக்குத் தம்பி. நூல் மில்லுல சோதனைக் கூடத்துல வேலை. நூலை வெட்டி, சின்னத் தராசுல வெச்சு, இது நாப்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர்னு எடை போட்டுச் சொல்ற வேலை. மூச்சு விட்டாக்கூட அந்தத் தராசு முள்ளு ஆடுமாம். அதனால அவன் மூச்சே பாதிதான் விடுவான். எதுக்கெடுத்தாலும் ஒரே வார்த்தை. "அவசரப்படாதீங்க மாமா." சோறு சூடா இருக்குன்னாலும் அதுதான். வீடு தீப்பிடிச்சாலும் அதுதான் சொல்லுவான்.

அவன் ரெண்டு வருஷமா சங்ககிரிப் பக்கம் ஒரு பழைய கல்லுக்குழியில காத்துத் துப்பாக்கி சுடற கிளப்புக்குப் போய்க்கிட்டிருந்தான். குருவி கிருவி சுடற வேலையெல்லாம் இல்லீங்க. அம்பது மீட்டர் தள்ளி ஒரு இரும்புத் தகடு தொங்கும். காப்பி டம்ளருக்குக் கீழ வெக்கிற தட்டு இருக்கில்ல, அத்தனாம் பெருசு. பட்டா 'டிங்'குனு கேக்கும். காத்துத் துப்பாக்கிக்கு அம்பது மீட்டருங்கறது பெரிய தூரம். பெரிய துப்பாக்கிக்காரன் கிலோமீட்டர்ல சுடற மாதிரி வெச்சுக்குங்களேன்.

எங்க குலசாமி கோயில் கெடாவெட்டுல பந்தியில உக்காந்து இதைச் சொன்னான். நான் சும்மா இருந்திருக்கணும். எனக்கு எப்பவும் அது வராது.

"நல்ல சாமான் வாங்கிட்டா குருடன்கூடச் சுடுவான் மாப்பிளே. வாங்கத் தெரியணும், அவ்வளவுதான்"னேன்.

"அவசரப்படாதீங்க மாமா, அதுல நெறைய இருக்கு"ன்னான்.

"என்னடா இருக்கு? நான் பேசி வாங்கற துப்பாக்கி உன்னோடதைவிட நல்லாச் சுடும். என்ன பந்தயம்?"

அவன் எலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "நான் தோத்தா ஒரு வருஷம் உங்ககிட்ட 'அவசரப்படாதீங்க'ன்னு சொல்ல மாட்டேன். நீங்க தோத்தா ஒரு வருஷம் எங்கயும் வெலை பேசக்கூடாது."

பந்தி பூரா சிரிச்சுது. அமராவதி கையில ரசவாளியோட நின்னவ, "ஐயோ, நடக்கட்டுமே"ன்னா. அந்தச் சந்தோசத்தைப் பாத்ததும் எனக்கு வேகம் வந்துருச்சு. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். எச்சில் கை வேற.

அடுத்த நாளே கோயமுத்தூர். எட்வின்னு ஒருத்தர், துப்பாக்கிக் கடை. இன்னைக்குங்கூட அவரைப் பாத்துட்டுத்தான் வர்றேன். செருப்பைப் பாத்தேன், புதுசு. சரி, கஷ்டமான ஆளுன்னு முடிவு பண்ணிட்டு உள்ளே போனேன்.

மூணு துப்பாக்கி எடுத்து மேசையில போட்டார். ஒண்ணு லேசு, பிளாஸ்டிக் கட்டை. ஒண்ணு வெளிநாடு, வெலையைக் கேட்டா நெஞ்சு வலிக்கும். நடுவுல ஒண்ணு, நம்ம நாட்டு ஃபேக்டரிச் சாமான், மரக்கட்டை, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏத்தறது. குழந்தைவேலு வெச்சிருக்கறதும் அதே மாடல்தான்.

"என்ன தூரம் சார்?"

"அம்பது மீட்டர்."

"அப்ப இந்த நடுவுல இருக்கறது போதும். இதுல எதையும் மாத்த வேண்டாம். எல்லாத் திருகையும் ஒரு தடவை முறுக்கிக்குங்க. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னாடியும் பின்னாடியும் உதைக்கும், அதைத் தாங்கற ஸ்கோப்பா ஒண்ணு எடுத்துக்குங்க. மிச்சக் காசை ரவையில போடுங்க."

"ரவையில என்ன போடறது? ஈயம்தானே?"

அவர் ஒரு டிராயரை இழுத்தார். சின்னச் சின்ன டப்பா. "இது உருண்டைத் தலை, தூரத்துக்கு. இதுலயே அஞ்சு ரகம் இருக்கு, எடை வேற வேற. ஒவ்வொண்ணுலயும் பத்துச் சுட்டுப் பாருங்க. உங்க குழலுக்கு எது பிடிக்குதோ அதை வாங்கிக்குங்க. இது தட்டைத் தலை, பத்து மீட்டர் காகிதத்துக்கு. அங்கே நல்லா வட்டமா ஓட்டை போடும். தூரம் போனாத் தள்ளாடும்."

"ஏனுங்க, குழலுக்குப் பிடிக்கணுமா? நான் துப்பாக்கி வாங்க வந்தேனா, பொண்ணு பாக்க வந்தேனா?"

பொறவு பேச்சு ஆரம்பிச்சுது. சிரிச்சேன். எந்திரிச்சேன். டீ வந்துச்சு, உக்காந்தேன். மறுபடி எந்திரிச்சேன். அந்த மனுசன் அசையலை. மூணாவது தடவை வாசப்படி தாண்டி, ரோட்டுக்கே வந்துட்டேனுங்க. பின்னாடி குரல் வரலை! என் வாழ்க்கையில முதல் தடவை. வெயில்ல நின்னு பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். குரலே இல்லை. நானே திரும்பி உள்ளே போனேன். செருப்பைத் தேடற மாதிரி போனேன். கால்ல போட்டிருந்தேன், அது வேற விஷயம்.

"துப்பாக்கியில ஒரு பைசா குறையாது சார். ஆனா உள்ளே நாப்பது டப்பா தட்டைத் தலை கெடக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் எடுத்தது, அவங்க வாங்கலை. கால் வெலைக்கு எடுத்துக்கறீங்களா? உங்களுக்கு வேண்டியது இது இல்லை, சொல்லிட்டேன்"னார்.

கால் வெலை! எனக்குக் காதுல மேளம் கேட்டுச்சு. விக்கிறவன் "உங்களுக்கு வேண்டியது இது இல்லை"ன்னு எப்பச் சொல்லுவான் தெரியுமா? குடுக்க மனசில்லாதப்பத்தான் சொல்லுவான். நாப்பதையும் சாக்குல கட்டித் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அந்தச் சந்தோசத்துல உருண்டைத் தலை ஒரு டப்பாகூட வாங்கலை. எதுக்கு வாங்கணும்? ஆயுசுக்கும் சுடற அளவு வீட்டுல இருக்கே.

குடோன்ல ஒரு கோடியில அட்டை ஒட்டி, பின்னாடி மணல் மூட்டை அடுக்கிச் சுட்டேன். குடோன் நீளம் கால் எட்டு வெச்சாப் பதினஞ்சு, பத்து மீட்டர் இருக்கும். அஞ்சு ரவை, ஒரே ஓட்டை! வேலைக்காரங்களெல்லாம் தறி கழட்டறதை நிறுத்திட்டு வந்து பாத்தாங்க. ஞாயித்துக்கிழமை கல்லுக்குழிக்குப் போனேன். அம்பது மீட்டர். அஞ்சு ரவை, அஞ்சு ஊருக்குப் போச்சு. ஒண்ணு இடது பக்கப் பாறை, ஒண்ணு வலது பக்கப் பாறை, ஒண்ணு தகடு தொங்கற கம்பி.

அங்கே கிளப்பைப் பாத்துக்கறவர் ராயப்பன், பட்டாளத்துல இருந்தவர். செவப்புக் கொடி ஏத்தி இறக்காம ஒரு ஈயை முன்னால போக விட மாட்டார். அவர் பாத்துட்டு, "கன்னம் கட்டையில சரியா உக்காரலையோ என்னமோ"ன்னார். அவ்வளவுதான், கட்டையை மாத்தினேன். எங்க பட்டறை ஆசாரியை வெச்சு, பழைய தறிச் சட்டத் தேக்குல கன்னத்துக்கு ஒரு மேடு. ரெண்டு நாள் அவன்கிட்டக் கூலி பேசி, ஒரு நாள்ல செஞ்சது. குடோன்ல சுட்டேன், ஒரே ஓட்டை. கல்லுக்குழியில சுட்டேன், அஞ்சு ஊரு.

சரி, ட்ரிகர் கனமா இருக்கு, அதான் கை இழுக்குதுன்னு தோணுச்சு. எங்க ஃபிட்டரைக் கூப்பிட்டு உள்ளே தேச்சு லேசாக்கச் சொன்னேன். லேசாக்கினான் பாருங்க, மணல் மூட்டைப் பக்கம் திருப்பி மேசையில வெச்சதும் தானே வெடிச்சுது. யாரும் தொடலை. மூட்டை ஓட்டையாகி மணல் கொட்டுது. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ராயப்பன் கேள்விப்பட்டு, "அதை எடுத்துக்கிட்டு என் வேலிக்குள்ள வந்தீங்க, உங்களைத் தகடாத் தொங்க விட்டுருவேன்"னார். மறுபடி கோயமுத்தூர் போய் எட்வின்கிட்டப் புது ட்ரிகர் மாட்டிக்கிட்டேன்.

அவர் கேட்டார். "ரவை மாத்தினீங்களா சார்?"

"ரவையில என்னங்க தப்பு? குடோன்ல ஒரே ஓட்டை"ன்னேன்.

ஸ்கோப்புக் கதை தனிக் கதை. அவர் காட்டினதை விட்டுட்டு, ஒரு பொருட்காட்சியில இத்தனாம் பெருசு ஒண்ணு பாத்தேன். நிலாவுல இருக்கிற பள்ளமெல்லாம் தெரியுதுன்னான். பாதி வெலைக்குப் பேசி வாங்கினேன். முப்பது ரவை சுட்டதும் உள்ளே இருந்த குறுக்குக் கம்பி கழண்டு, நடக்கற பல்லி மாதிரி கண்ணாடியில ஓடுது. ஸ்பிரிங் உதை தாங்கலை. பொறவு எட்வின் சொன்னதையே வாங்கினேன். அவர் குத்திக் காட்டியிருந்தாத் தேவலை. சும்மா துணியால தொடைச்சுக் குடுத்தார்.

இன்னும் வலுவான ஸ்பிரிங் கேட்டேன். மாட்டேன்னுட்டார். "லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குச் சக்திக்கு ஒரு வரம்பு இருக்கு சார். அதைத் தாண்டினா நீங்களும் உள்ளே, நானும் உள்ளே. வேகத்தால குறி விழாது"ன்னார். கால் வெச்சு நிறுத்தற முட்டுக் கம்பி வாங்கினேன், அதுல வெச்சா வெள்ளாடு மாதிரி துள்ளுது. கழட்டிட்டேன். இப்படி மூணு மாசம். ஒவ்வொரு தடவையும் குடோன்ல ஒரே ஓட்டை. அதனாலதான் சொல்றேன், துப்பாக்கியில கோளாறே இல்லை. கடைசியா ராயப்பனே பக்கத்துல உக்காந்து, அம்பது மீட்டருக்கு ஸ்கோப் மேல இருக்கற குமிழைக் கிளிக், கிளிக்குனு படிப்படியாத் திருகி, "சிதறினாலும் நடுவு இங்கதான் வருது, இதுக்கு மேல கையை வெக்காதீங்க"ன்னு நிறுத்தினார். நான் அந்த இடத்துல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கிட்டேன். குமிழ்ல பாதிக் கோடு, அடியில பாதிக் கோடு. யார் திருகினாலும் கோடு விலகும். எனக்கு யார்மேலயும் நம்பிக்கை கிடையாது, அதுதான் என் பலம்.

அந்தா, அவிநாசி வந்துருச்சு. கொய்யாக்காரன் வருவான். வரட்டும், நான் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன்.

போட்டி அன்னைக்குக் காத்தே இல்லை. ஆளுக்கு அஞ்சு ரவை. குழந்தைவேலு ஒரு சின்னத் தீப்பெட்டியைத் திறந்தான். பஞ்சுக்குள்ள உருண்டைத் தலை ரவை வரிசையா, பல்லு மாதிரி. ஒவ்வொண்ணையும் அவங்க மில்லுத் தராசுல எடை போட்டு, ஒரே எடையா இருக்கறதை மட்டும் பொறுக்கி வெச்சிருந்தானாம். நாலு மாசமா அஞ்சு ரகம் சுட்டுப் பாத்துப் பிடிச்ச ரகமாம். துப்பாக்கி? ஃபேக்டரியில எப்படி வந்துச்சோ அப்படியே. ஒரு ஆணி மாத்தலை.

"ரவைக்கு நிச்சயதார்த்தம் எப்படா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான், பாதி மூச்சுல.

அவன் முதல்ல சுட்டான். டிங், டிங், டிங், ஒண்ணு சத்தமில்லை, டிங். நாலு.

என் முறைக்கு முன்னால டீ நேரம் விட்டாங்க. துப்பாக்கியை மேசைமேல வெச்சுட்டு நான் போண்டா வாங்கப் போனேன். போண்டாக்காரன் சொன்ன வெலைக்கும் போண்டாவோட அளவுக்கும் சம்பந்தமே இல்லீங்க. விடுவேனா? பேசினேன். அவன் உருளைக்கிழங்கு வெலை சொன்னான், நான் எண்ணெய் வெலை சொன்னேன். அவன் அடுப்பையே அணைக்கறேன்னான். நான் மூணு தடவை எந்திரிச்சேன், நின்னுக்கிட்டிருந்தவன் எப்படி எந்திரிக்கறதுன்னு கேக்காதீங்க. கடைசியில நாலுக்கு அஞ்சு வாங்கிட்டுத்தான் திரும்பினேன். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துலதான் அவன் திருகியிருக்கான்.

உக்காந்தேன். மூச்சைப் பிடிச்சேன். சுட்டேன். சத்தமில்லை. ரெண்டாவது, பாறையில பொடி பறந்துச்சு. மூணாவது எங்க போச்சுன்னே தெரியலை. நாலாவது தகட்டோட விளிம்புல 'டிக்'குனு ஒரு உரசல். அஞ்சாவது வேலிக் கல்லு. ராயப்பன் அந்த உரசலைப் பெரிய மனசு பண்ணி ஒண்ணுன்னு எழுதினார். நாலுக்கு ஒண்ணு. நாலுக்கு அஞ்சு வாங்கின கையோட நாலுக்கு ஒண்ணுன்னு தோத்தேன்.

கத்தினேன். நல்லாவே கத்தினேன். என்னமோ நடந்திருக்கு, எவனோ கை வெச்சிருக்கான்னேன். குழந்தைவேலு பக்கத்துல வந்து, "அவசரப்படாதீங்க மாமா. என் ரவையில அஞ்சு இருக்கு. உங்க துப்பாக்கியில, அதே ஸ்கோப்புல, எதையும் தொடாமச் சுட்டுப் பாருங்க"ன்னு தீப்பெட்டியை நீட்டினான்.

சுட்டேனுங்க. டிங். டிங். டிங். டிங். டிங்.

அஞ்சுக்கு அஞ்சு! கல்லுக்குழி பூரா கை தட்டுச்சு. ராயப்பன் என் முதுகுல தட்டி, "பாத்தீங்களா?"ன்னார்.

பாத்தேனே! அப்பத்தான் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. ஏன்னா, இதுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான் இருக்க முடியும். டீ நேரத்துல திருகினவன், நான் கத்தினப்ப பயந்துபோய், எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டிருந்த நேரத்துல மறுபடி சரியாத் திருகி வெச்சுட்டான்! என் ரவை விலகின தூரத்துக்குக் கணக்குப் போட்டேன், போறப்ப எட்டுக் கிளிக், வரப்ப எட்டு. கோடு? கோடு அப்படியே நேரா இருந்துச்சு. அதாங்க அவனோட சாமர்த்தியம். ஒரு மயிரிழை விலகலை. சாதாரணக் கை இல்லை அது.

என்ன கேட்டீங்க? ரவையா?

அட, நீங்களுமா! எட்வின் அதைத்தான் சொல்றார், ராயப்பன் அதைத்தான் சொல்றார், எம்பொஞ்சாதி துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, அவளும் அதைத்தான் சொல்றா. எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்கன்னா என்ன அர்த்தம்? பேசி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். முப்பது வருஷம் வியாபாரத்துல இருக்கேன், நாலு பேர் ஒரே வெலை சொன்னா நாலு பேரும் முந்தின நாளே பேசிட்டு வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒரே ரவைங்க. ஒரே டப்பா. குடோன்ல ஒரே ஓட்டை. ரவை குடோனுக்குள்ள ஒழுங்கா இருந்துட்டு, வெளியே போனதும் கெட்டுப் போறதுக்கு அது என்ன காலேஜுப் பையனா?

நான் ஒவ்வொருத்தரையா யோசிச்சுப் பாத்துட்டேன். குழந்தைவேலு? அந்த இருபது நிமிஷமும் அவன் எனக்குப் பின்னாடிதான் வரிசையில நின்னான், ஒரு போண்டாவுக்கு. ராயப்பன் கொடிக் கம்பத்தடியில இருந்தார். மிச்சம் யாரு? அமராவதி. அவ அன்னைக்கு வந்திருந்தா. தூக்குல தயிர்சோறு கொண்டாந்து, மேசைக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அவமேலதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. ஏன்னா, இதுல லாபம் யாருக்குன்னு பாக்கணும் இல்லையா?

போன மாசம் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனோம். இருபத்தாறு வருஷத்துல அவ என்கூட ஜவுளிக் கடைக்கு வந்ததே இல்லீங்க. கேட்டா தலைவலிம்பா. இந்தத் தடவை முதல் ஆளாக் கெளம்பி நிக்கிறா. கடைக்காரன் வெலை சொன்னான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சரின்னேன். அவன் என்னைத் தெரிஞ்சவன், பயந்துட்டான். "அண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுட்டு, உள்ளேயிருந்து நல்ல சரக்கா எடுத்துக் கொண்டாந்து போட்டான். காப்பி வந்துச்சு. அவனே தானா ஒரு தொகையைக் குறைச்சுக்கிட்டான். நான் கேக்கவே இல்லை! கேக்காம குறைக்கிற வெலையில என்னங்க ருசி இருக்கு? அம்மாவும் பொண்ணும் ஒவ்வொண்ணா எடுத்துத் தோள்மேல போட்டுப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு மணி நேரம். எனக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை, உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். கவுசல்யாவுக்குச் சிரிச்சா அவங்க அம்மா மாதிரியே கன்னத்துல குழி விழுது. எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அமராவதி என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. வெயில் மயக்கம்னு நெனக்கிறேன். ஆனா ஒரு ஆளு இத்தனை சந்தோசமா இருந்தா, அதுல ஏதோ விவகாரம் இருக்கத்தானே செய்யும்?

இன்னைக்கு எதுக்குக் கோயமுத்தூர் போனேன்னா, ஸ்கோப்பைக் கழட்டி, யாராவது திருகின அடையாளம் இருக்கான்னு பாக்கச் சொல்லி. எட்வின் கண்ணாடி போட்டுப் பாத்தார். பெயிண்ட் கோடு உடையவே இல்லை சார், யாரும் தொடலைன்னார். எழுதிக் குடுங்கன்னேன், குடுத்தார். அதைப் படிச்சா எனக்கு எதிராத்தான் இருக்கு, அதனால கிழிச்சுட்டேன். பொறவு உருண்டைத் தலை ஒரு டப்பாவை எடுத்து முன்னால வெச்சார்.

"ஒண்ணே ஒண்ணு வாங்கிப் பாருங்க சார். உங்க சந்தேகம் தீந்துரும்."

எவ்வளவுன்னு கேட்டேன். சொன்னார். அவ்வளவுதான், பேசக்கூடாதில்ல? வாய் வரைக்கும் வந்துச்சு. நாக்குல ஒரு வெலை தயாரா நிக்குது. முழுங்கிட்டேன். பேசாம வாங்கறதுக்கு வாங்காமலே வரலாம்னு எந்திரிச்சு வந்துட்டேன். ஒரே தடவைதான் எந்திரிச்சேன். அவர் அன்னைக்கு மாதிரியே கூப்பிடலை. மிச்சம் முப்பத்தொரு டப்பா தட்டைத் தலை வீட்டுல கெடக்கு, நான் எதுக்கு வாங்கணும்? உங்களுக்கு ஒரு டப்பா வேணுமா? பையிலயே இருக்கு. காசு வேண்டாம், வெச்சுக்குங்க. துப்பாக்கி இல்லைன்னா என்ன, காகிதம் பறக்காம மேல வெக்கலாம்.

வந்துட்டான், கொய்யாக்காரன். "கிலோ அறுபது"ங்கறான். கேட்டீங்களா? அறுபது! கார்த்திகை மாசத்துல! இங்க பாருங்க, நான் கேக்கக்கூடாது. நீங்க கேளுங்க. அம்பதுன்னு கேளுங்க. இல்லை, நாப்பதுல ஆரம்பிங்க. மொதல்ல சிரிங்க. ஐயோ, என்னங்க நீங்க, அவன் நீட்டினதும் காசைக் குடுத்துட்டீங்க! உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த நாடு... சரி விடுங்க. என்னது, ஒரு காய் கூடப் போட்டுட்டுப் போறான்? நீங்க கேக்கவே இல்லையே! எனக்கு இதுதான் புரியவே மாட்டேங்குது.

குடுங்க, ஒண்ணு. நல்லாத்தான் இருக்கு.

நீங்க பெருந்துறையில இறங்கிருவீங்க. நாலு பேர்கிட்ட இதைச் சொல்லுங்க. டீக்கடையில சொல்லுங்க, ஆபீஸ்ல சொல்லுங்க. சுத்திச் சுத்தி அவன் காதுக்குப் போயிரும். அவனுக்கு நான் சொல்றது இதுதான்.

யப்பா, திருகின மகராசா, நீ யாரா வேணா இரு. அமராவதியா இருந்தாலும் பரவாயில்லை. தை பொறக்கறதுக்குள்ள வந்து குழந்தைவேலு முன்னாடி ஒத்துக்கோ. நீ ஒத்துக்கிட்டாப் பந்தயம் செல்லாது, என் வாய் எனக்குத் திரும்பி வரும், மண்டபத்துக்காரன் இன்னும் முன்பணம் வாங்கலை, அவனைப் பாத்துக்கறேன். மன்னிப்புக் கேக்க வேண்டாம். கால்ல விழ வேண்டாம். எட்டுக் கிளிக்னு ஒத்துக்கறதுக்குக் கூச்சமா இருந்தா ஆறுன்னு சொல்லு. ஆறு ஜாஸ்தியா? சரி, நாலு. இது கடை இல்லையே, இங்க பேசலாம்.

நாலும் முடியாதா? ரெண்டு. நான் எந்திரிச்சுட்டேன் பாத்துக்கோ, வாசப்படி தாண்டினாத் திரும்ப மாட்டேன். சரி, போகட்டும். ஒண்ணு. ஒரே ஒரு கிளிக், கை தவறிப் பட்டுருச்சுன்னு சொல்லு, போதும். அதுக்குக் கீழ ஒரு நூல்கூட இறங்க மாட்டேன்.

வந்து சொல்லுய்யா.